இடது காதில் குடியிருந்த டாக்டர்

கருமண்டபத்தில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போகும் மூன்றாவது குறுக்குத் தெருவில், பள்ளிக்கூட வேன் ஓட்டும் தனக்கோடியின் மனைவி தமயந்தியின் இடது காதிலிருந்து ஓர் அமெரிக்க டாக்டர் பேச ஆரம்பித்தது, அவளைக் கேக் வெட்டி வேலையிலிருந்து அனுப்பிவைத்த பதினோராவது நாள், ஒரு வியாழக்கிழமை, காலை பத்தரை மணிக்கு, அவள் பக்கத்து வீட்டு நூருன்னிசா அக்காவோடு உட்கார்ந்து அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தபோது.

அவள் பதினான்கு வருஷமாகப் பார்த்த வேலை கேட்பது. அமெரிக்காவில் டாக்டர்கள் நோயாளியைப் பார்த்து முடித்ததும் அவரைப் பற்றி ஒரு கருவியில் பேசி வைப்பார்கள், அந்தப் பேச்சு கடல் தாண்டி தில்லை நகரில் ஒரு மூன்றாவது மாடிக்கு வந்து சேரும், அங்கே காதில் ஹெட்போனும் காலடியில் ஒரு மிதிகட்டையுமாக வரிசையாக உட்கார்ந்திருக்கும் பெண்கள் அதைக் கேட்டு ஒரு சொல் விடாமல் டைப் அடிப்பார்கள். மெடிக்கல் டிரான்ஸ்கிரிப்ஷன் என்று அதற்குப் பெயர். பாதத்தை அழுத்தினால் டாக்டர் பேசுவார், எடுத்தால் நிறுத்திக்கொள்வார், குதிகாலால் ஒரு தட்டுத் தட்டினால் நாலு வார்த்தை பின்னால் போய் மறுபடியும் சொல்லுவார். சளி பிடித்த டாக்டர், சாப்பிட்டுக்கொண்டே பேசும் டாக்டர், கார் ஓட்டிக்கொண்டே பேசும் டாக்டர் என்று மற்றவர்கள் கும்பிடு போட்டுத் தள்ளிவிடும் குரல்களெல்லாம் கடைசியில் தமயந்தியிடம்தான் வந்து சேரும், அவள் காதுக்குத் தப்பியது கிடையாது என்று பெயர் வாங்கியிருந்தாள். அதில் ஒருவர் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் முன்னால் தொண்டையைக் கனைத்துக்கொள்வார். அவர் முகம் தெரியாது, ஊர் தெரியாது, கம்பெனிக் கணக்கில் அவருக்கு ஒரு எண் உண்டு, அவ்வளவுதான். இவர்கள் வைத்த பெயர் கனைப்பு டாக்டர். பிறகு ஒரு மென்பொருள் வந்தது, தானே கேட்டுத் தானே அடித்தது, முதலில் அதன் தப்புகளைத் திருத்த ஆட்கள் தேவைப்பட்டார்கள், தப்புகள் குறையக் குறைய ஆட்களும் குறைந்தார்கள், கடைசி வரிசையில் இருந்த ஏழு பேருக்குக் கேக் வெட்டினார்கள். தமயந்திக்கு முந்திரி வைத்த துண்டு கிடைத்தது.

ஆக அந்த வியாழக்கிழமை அவள் பழக்க தோஷத்தில் வலது பாதத்தைத் தரையில் அழுத்தினாள், அவள் இடது காதுக்குள்ளிருந்து ஒரு கனைப்புக் கேட்டது, அதைத் தொடர்ந்து நல்ல கட்டைக் குரலில், ஆங்கிலத்தில், இந்த மிக இனிய ஐம்பத்திரண்டு வயதுப் பெண்மணி கடந்த ஆறு மாதங்களாக இரண்டு பாதங்களிலும் எரிச்சல் என்று சொல்கிறார் என்று ஆரம்பித்தது. நூருன்னிசா அவரைக்காயைக் கீழே வைத்துவிட்டுக் காதுக்குப் பக்கத்தில் குனிந்தார்.

"யாருடி, ஒன் கனைப்பு டாக்டரா?"

"அவரேதான்க்கா."

"ஐயோ பாவம், அவருக்கும் வேலை போயிருச்சா?"

"அவருக்கு எப்படிப் போகும், டாக்டராச்சே. என் வேலைதானே போச்சு."

"அப்ப இங்க எதுக்கு வந்து பேசுறாரு?"

"பேசிப் பேசிப் பழகிட்டாரு போலருக்கு," என்றாள் தமயந்தி, காலை எடுக்காமல்.

டாக்டர் சர்க்கரையைப் பற்றிச் சொன்னார், அதற்கு எடுக்க வேண்டிய இரத்தப் பரிசோதனையைச் சொன்னார், நூருன்னிசா தன் வீட்டுக்காரரிடம்கூடச் சொல்லாத பாத எரிச்சல் எந்த நேரத்தில் கூடுகிறது என்பதையும் சொன்னார். தமயந்தி ஒவ்வொன்றாகத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தாள். எல்லாவற்றையும் கேட்டு முடித்த நூருன்னிசாவுக்கு ஒரே ஒரு சந்தேகம்தான் இருந்தது.

"மொதல்ல ஏதோ ப்ளசன்ட்டுன்னு சொன்னாரே, அது என்ன?"

"இனிமையானவங்கன்னு அர்த்தம்க்கா. அவங்க ஊரு டாக்டருங்க அப்படித்தான் ஆரம்பிப்பாங்க."

"யாரு, நானா?"

"எல்லாரையும் அப்படித்தான் சொல்லுவாரு."

"சொல்லட்டும். இன்னொரு தடவ போடு."

தமயந்தி குதிகாலைத் தட்டினாள். நூருன்னிசா கண்ணை மூடிக்கொண்டு கேட்டார், பிறகு எழுந்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார், போகிற வழியில் நாலு வீட்டில் சொல்லிவிட்டுத்தான் போனார்.

ஒரு வாரத்துக்குள் தெருவுக்கு அது பழகிவிட்டது. தமயந்திக்கு இடது பக்கம் யார் இருந்தாலும் அவர் நோயைத்தான் காது சொன்னது, அதனால் அந்தப் பக்கம் ஒரு முக்காலி போட்டு, அதில் உட்காருகிறவருக்கு நாலடி தூரத்தில் வேறு யாரும் நிற்கக் கூடாது, நின்றால் ஒருவருடைய மூட்டுவலி இன்னொருவர் கணக்கில் ஏறிவிடும் என்று நலச்சங்கச் செயலாளர் சுண்ணாம்பால் கோடு போட்டுக் கொடுத்தார். காதுக்குள் ஒரு ஆள் எப்படிப் பேச முடியும் என்று யாரும் கேட்கவில்லை, வரிசையில் யார் முன்னால் வந்தது என்பதற்குத்தான் சண்டை நடந்தது. அந்த டாக்டர் ஏன் இப்படித் தொண்டையைக் கனைக்கிறார், சுக்குக் கஷாயம் குடிக்கலாமே என்று சிலர் அக்கறைப்பட்டார்கள். மூலையில் கிளினிக் வைத்திருக்கும் டாக்டர் செல்லத்துரை முதல் நாலு நாள் கோபமாக இருந்தார், அப்புறம் தன் முழங்கையில் இருந்த வலிக்காக மதியச் சாப்பாட்டு நேரத்தில் தானே வந்து முக்காலியில் உட்கார்ந்து கேட்டுவிட்டுப் போனார், அதன்பிறகு தமயந்தி துண்டுச்சீட்டில் எழுதிக் கொடுக்கும் பரிசோதனைகளை மறு பேச்சில்லாமல் எழுதினார். பஸ்ஸில் அவளுக்கு இடது பக்க இருக்கை எப்போதும் காலியாக இருந்தது, ஊரார் முன்னிலையில் தன் மூலவியாதியைக் கேட்க யாருக்கும் ஆசை இல்லை.

ஆனால் வைத்தியத்துக்காக வந்தவர்கள் பாதிப் பேர்தான் இருப்பார்கள். மற்றவர்கள் அந்த முதல் வாக்கியத்துக்காக வந்தார்கள். துணி தேய்க்கும் மருதைமுத்துவுக்குக் குடலிறக்கம் என்று காது சொன்னது, அறுவை சிகிச்சை செய்துகொள்ள வேண்டும் என்றும் சொன்னது, அவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. "அமெரிக்காக்காரன் என்னைய ரொம்ப இனிமையான ஆளுன்னு சொல்றான், எம் பொண்டாட்டிய கூட்டியாறேன், அவ காதுல விழட்டும்," என்று வண்டியை அப்படியே விட்டுவிட்டு ஓடினார். அந்த அம்மாள் வந்து நின்று, மூன்று தடவை கேட்டு, "எந்த மருதைமுத்துவச் சொல்றாரு?" என்றார். தெரு சிரித்தது. அந்தத் தெருவில் யாரும் யாரையும் அப்படிச் சொல்லிக் கேட்டதில்லை, பிறந்ததிலிருந்து தங்களைப் பற்றி நல்லதாக ஒரு வார்த்தை கேட்காத மனிதர்கள் அங்கே நிறைய இருந்தார்கள்.

தெருவில் அந்த முக்காலியில் உட்காராத ஆள் ஒருவர்தான், தனக்கோடி.

வீட்டில் அவர் எப்போதும் தமயந்திக்கு வலது பக்கமாகவே வந்தார். சாப்பிட வலது பக்கம், டிவி பார்க்க வலது பக்கம், கோயிலில் நின்றாலும் வலது பக்கம். எங்கே போவதானாலும் பஸ் வேண்டாம், வேனிலேயே போகலாம் என்பார், வேனில் ஓட்டுகிறவர் இருக்கை வலது கைப் பக்கம் என்பதால் அவருக்கு அதைவிடப் பத்திரமான இடம் இல்லை. தமயந்திக்கு இது புரியாமல் இல்லை. காலையில் சட்டைப் பொத்தான் போட அவருக்கு இப்போதெல்லாம் நேரமாகிறது, டீ டம்ளரை இரண்டு கையாலும் பிடிக்கிறார், சோப்பு வழுக்கி விழும் சத்தம் குளியலறையிலிருந்து கேட்டுக்கொண்டே இருக்கிறது. முன்பெல்லாம் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் வேனை நிறுத்தி ஒரு சீட்டி அடிப்பார், அந்தச் சீட்டிக்கு ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு ராகம் உண்டு, இவர்களுக்குப் பிள்ளை இல்லை, வேன் நிறையப் பிள்ளைகள். பொங்கலிலிருந்து அவர் சீட்டி அடிப்பதில்லை, உதடு குவியமாட்டேன் என்கிறது, ஹாரன் அடிக்கிறார்.

"ஒரே ஒரு நிமிஷம்ங்க. உக்காந்து எந்திரிச்சிருங்க."

"அந்தாளு ஏதாச்சும் சொல்லிட்டாருன்னா நாளைக்கு வேன் எடுக்க முடியாது தமயந்தி."

"சொல்லாட்டி மட்டும்?"

"சொல்லாட்டி எடுக்கலாம்ல."

இதற்கு மேல் அவரிடம் பேச முடியாது. டாக்டரிடம் போகலாம் என்றால், உன் காதுக்கே வராதவன் டாக்டரிடம் வருவேனா என்பார். அந்தக் காது ஊரார் கதையை எல்லாம் சொல்லியும் அவளுக்குத் தெரிய வேண்டிய ஒரே கதையைச் சொல்லாமல் இருந்தது, அதை எப்படியாவது கேட்டுவிட வேண்டும் என்பதைத் தவிர அவளுக்கு அந்த வருஷத்தில் வேறு ஆசை இருக்கவில்லை.

இதற்கிடையில் வேலை ஒன்று தேட வேண்டியிருந்தது. கேட்டு டைப் அடிக்கும் வேலை உலகத்திலேயே தீர்ந்துபோயிருந்தது, அவளோடு இருந்தவர்களில் ஒருத்தி நைட்டிக் கடை வைத்தாள், இன்னொருத்தி மழலையர் பள்ளிக்குப் போனாள், மீதிப் பேர் கோடிங் படிக்கப் போனார்கள், தமயந்தியும் போனாள். டாக்டர் சொல்லி, தமயந்தி மாதிரி ஒருத்தி அடித்து அனுப்பிய அறிக்கையை எடுத்து, அதில் இருக்கும் ஒவ்வொரு நோய்க்கும் சிகிச்சைக்கும் புத்தகத்தில் உள்ள எண்ணைக் கண்டுபிடித்துப் போடுவது கோடிங். காப்பீட்டுக் கம்பெனிக்கு எண்தான் வேண்டும். சத்திரம் பஸ் நிலையத்துக்கு எதிரில் ஒரு ஸ்வீட் ஸ்டாலுக்கு மேல் வகுப்பு நடந்தது, நெய் வாசனைக்கு நடுவில் முப்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள், இவளுக்கு அடுத்த வயசுக்காரிக்கு இருபத்திரண்டு. பாடம் நடத்திய வர்ஷினி மேடத்துக்கு இருபத்தைந்து இருக்கும், நல்ல பெண், தமயந்தியை அக்கா என்றுதான் கூப்பிடுவாள்.

"அக்கா, நீங்க கதைய ஃபுல்லா படிக்கிறீங்க," என்றாள் வர்ஷினி முதல் வாரமே. "கதை நமக்கு வேணாம். பேஷன்ட் நல்லவரா கெட்டவரா, பேரனைப் பாக்கப் போறப்ப வழுக்கி விழுந்தாரா, அதெல்லாம் தாண்டி வாங்க. நோயைப் புடிங்க, நம்பரப் போடுங்க, அடுத்ததுக்குப் போங்க."

"கேட்டுக் கேட்டுப் பழகிருச்சு மேடம்."

"அதை மறந்தாத்தான்கா இது வரும். இன்னொண்ணு, இதை எழுதி வச்சுக்கங்க. வெளிநோயாளி அறிக்கையில டாக்டர் இருக்கலாம்னு போட்டா, சந்தேகம்னு போட்டா, அந்த நோயை நம்ம எடுக்கவே கூடாது. நம்மளப் பொறுத்தவரை அது இல்ல. கை வலின்னா கை வலி, இருமல்னா இருமல், அறிகுறியை மட்டும் எடுக்கணும். எக்ஸாம்ல நெறையப் பேரு இங்கதான் விழுவாங்க."

தமயந்தி எழுதிக்கொண்டாள்.

தினமும் முப்பது அறிக்கைக்கு எண் போட்டுப் பழகி வரச் சொன்னார்கள், அவளிடம் அறிக்கை ஏது, தெருதான் இருந்தது. முக்காலியில் உட்காருகிறவர்களுக்குக் காது சொல்வதைக் கேட்டு எண்ணைக் கண்டுபிடித்துச் சீட்டில் எழுதிக் கொடுக்க ஆரம்பித்தாள். நூருன்னிசாவின் சர்க்கரைக்கு இ பதினொன்று புள்ளி ஒன்பது. மருதைமுத்துவின் குடலிறக்கத்துக்குக் கே நாற்பது புள்ளி தொண்ணூறு. எண் போட்டு முடித்தவர்கள் மறுபடி வந்து உட்கார்ந்தபோது டாக்டரின் பேச்சு சற்றுச் சுருங்கியிருந்தது, முதலில் அந்த இனிமை போயிற்று, வெறும் ஐம்பத்திரண்டு வயதுப் பெண்மணி என்று தொடங்கினார், அடுத்த வாரம் பெண்மணியும் இல்லை, வயது மட்டும் இருந்தது. புதிதாக வந்தவர்களிடமும் அவர் அப்படியே பேச ஆரம்பித்தார். மருதைமுத்து முக்காலியிலிருந்து எழுந்திருக்காமல், "நான் ஏதும் தப்புப் பண்ணிட்டனா?" என்று அந்தக் காதைப் பார்த்துக் கேட்டார்.

தெரு பத்து நாள் வருத்தப்பட்டது. அப்புறம் எண்ணைப் பிடித்துக்கொண்டது. மருதைமுத்து தன் எண்ணை இஸ்திரி வண்டியின் நெற்றியில் சாக்பீஸால் எழுதினார். டீக்கடையில் ரெண்டு பதினொண்ணு ஒரு சாதா என்றால் இரண்டு டீக்குச் சர்க்கரை இல்லை என்று அர்த்தம். ஒரே எண் உள்ளவர்கள் ஒன்றாக நடைப்பயிற்சிக்குப் போனார்கள், ஐ பத்து என்கிற இரத்தக் கொதிப்புக்காரர்கள் அதிகம் என்பதால் நலச்சங்கத் தேர்தலில் அவர்கள் நிறுத்திய ஆள் ஜெயித்தார். பெண் பார்க்க வந்தவர்கள் ஜாதகத்தோடு சீட்டையும் கேட்டார்கள். புள்ளிக்குப் பின்னால் ஓர் இலக்கம் கூடுதலாக இருப்பவர்கள் கொஞ்சம் தலை நிமிர்ந்து நடந்ததையும் நான் சொல்லத்தான் வேண்டும்.

டாக்டர் தேய்ந்துகொண்டே வந்தார். தமயந்திக்கு வகுப்பில் மதிப்பெண் ஏற ஏற அவர் வாக்கியங்கள் குறைந்தன, அவள் எழுபது எடுத்த வாரம் அவர் பரிசோதனை சொல்வதை நிறுத்தினார், எண்பது எடுத்த வாரம் மருந்து போயிற்று. இன்னும் கொஞ்ச நாளில் கனைப்பு மட்டும்தான் மிஞ்சும் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. இரண்டு வாரம் புத்தகத்தைத் தொடாமல் இருந்து பார்த்தாள், குரல் லேசாகத் தேறியது, மருதைமுத்துவின் சம்சாரத்தை மரியாதையாக அம்மணி என்றது. ஆனால் தனக்கோடி அப்போதும் உட்காரவில்லை.

"அவரு போயிருவாருங்க. பரீட்சை முடியறதுக்குள்ள ஒண்ணும் மிச்சம் இருக்காது. இன்னிக்கு உக்காருங்க."

"நீ ஏன் புஸ்தகத்த எடுக்க மாட்டேங்கற?"

"நீங்க உக்காருங்க, எடுக்குறேன்."

அவர் வேன் சாவியை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டார். இடது கை அதைச் சரியாகப் பிடிக்கவில்லை.

"நீ பாஸ் பண்ணு. ஒனக்குன்னு ஒரு வேலைன்னு ஆகட்டும். அன்னிக்கே உக்கார்றேன், ஒம்மேல சத்தியம்."

"ஏன் அதுவரைக்கும்?"

"எனக்கு என்ன இருந்தாலும் நீ சாப்பிடணும்ல," என்றார். அதைச் சொல்லும்போது அவருக்கு நாக்குக் கொஞ்சம் தடித்தது, சாப்பிடணும் என்ற சொல் பாதியில் மடங்கிற்று. அவள் சமையலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள், அழுது முடித்ததும் புத்தகத்தை எடுத்தாள். படித்தால் குரல் போகும், படிக்காவிட்டால் அவர் உட்காரமாட்டார், இதில் மூன்றாவதாக ஒரு வழி இருந்திருந்தால் அவள் அதில் போயிருப்பாள்.

பரீட்சை அன்று கால் தரையில் படாமல் இருக்க நாற்காலியிலேயே சம்மணம் போட்டுக்கொண்டாள். மேற்பார்வைக்கு வந்தவர் ஒரு தடவை பார்த்தார், மூட்டு வலி போலிருக்கிறது என்று விட்டுவிட்டார். நாலு மணி நேரம், நூறு கேள்வி. ஒவ்வொரு கேள்வியிலும் ஒரு மனிதர் ஏதோ ஒரு படிக்கட்டில் வழுக்கினார், ஏதோ ஒரு சமையலறையில் மயங்கி விழுந்தார், அவள் யாருக்காகவும் நிற்கவில்லை, நோயைப் பிடித்தாள், எண்ணைப் போட்டாள், அடுத்ததுக்குப் போனாள். இருக்கலாம் என்று வந்த இடத்திலெல்லாம் தாண்டிப் போனாள். வாழ்க்கையில் முதல் தடவையாக யார் பேச்சையும் கேட்காமல் இருந்தது அவளுக்குச் சுகமாகக்கூட இருந்தது.

முடிவு மின்னஞ்சலில் ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம் நாலரைக்கு வந்தது. தொண்ணூற்றிரண்டு. தனக்கோடி பிள்ளைகளை இறக்கிவிட்டு அப்போதுதான் வந்து வேனை நிறுத்தினார். விஷயத்தைக் கேட்டதும் கை கால் கழுவினார், நெற்றிக்குத் திருநீறு வைத்துக்கொண்டார், முக்காலியை எடுத்து மனைவிக்கு இடது பக்கமாகப் போட்டு உட்கார்ந்தார். கேட்டுக்கு வெளியே தெரு கூடிவிட்டது, தனக்கோடி உட்கார்ந்துவிட்டார் என்று யாரோ சொன்னது கேட்டது.

தமயந்தி பாதத்தை அழுத்தினாள். கனைப்பு வந்தது. வெகு நேரம் வேறு ஒன்றும் வரவில்லை, நூருன்னிசா கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஓதத் தொடங்கினார். பிறகு கிணற்று ஆழத்திலிருந்து வருகிற மாதிரி, நாற்பத்தொன்பது வயது என்றது குரல். இடது கை பலவீனம் என்றது. அப்புறம் 'ப்ராபபிள்' என்று ஒரு சொல்லைச் சொல்லி, அதன் பின்னால் ஒரு நோயின் பெயரைச் சொன்னது.

மோட்டார் நியூரான் நோய். தமயந்தி அந்தப் பெயரைப் பதினான்கு வருஷத்தில் முப்பது தடவையாவது டைப் அடித்திருப்பாள். முதலில் கை போகும், அப்புறம் நாக்கு, அப்புறம் விழுங்குவது, அப்புறம் மூச்சு, புத்தி மட்டும் கடைசிவரை தெளிவாக உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருக்கும். அந்த அறிக்கைகளை அடித்து அனுப்பியபிறகு அவளுக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்காது. ஆனால் அன்று பாஸான தமயந்தி அதற்கு முன்னால் வந்த சொல்லைத்தான் கேட்டாள். ப்ராபபிள். இருக்கலாம். எடுக்கக் கூடாது. நூறு கேள்வியில் பதினோரு இடத்தில் அவள் சரியாகத் தாண்டி வந்த சொல் அது, அதைத் தாண்டியதற்குத்தான் அவளுக்கு மதிப்பெண் கொடுத்திருந்தார்கள், உலகத்தில் யாரோ பெரியவர்கள் கூடி உட்கார்ந்து அச்சடித்த விதி, அப்படி எழுதியிருந்தால் அந்த நோய் இல்லை. அவள் பொய் சொன்னாள் என்று நான் சொல்லமாட்டேன். அந்த நிமிஷத்தில் அவள் அதை முழு மனசோடு நம்பினாள், அவளுக்கு வேறு எதைப் பிடித்துக்கொண்டும் நிற்க முடியவில்லை.

"என்ன சொல்றாரு?" என்றார் தனக்கோடி.

"கையில கொஞ்சம் பலவீனமாம்."

"அவ்வளவுதானா?"

"எடுக்குற மாதிரி அவ்வளவுதாங்க."

நாள்காட்டித் தாளைக் கிழித்து, அதன் பின்பக்கத்தில் பலவீனத்துக்கு உரிய ஆர் ஐம்பத்து மூன்று புள்ளி ஒன்று என்று எழுதி அவர் கையில் கொடுத்தாள். எழுதி முடித்ததும் அவள் காதுக்குள் கதவு சாத்துகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. அதன் பிறகு அவள் எத்தனை அழுத்தினாலும் அந்த டாக்டர் பேசவில்லை. தெரு கை தட்டியது. நூருன்னிசா சேமியாப் பாயசம் வைத்து எடுத்து வந்தார், தனக்கோடி இரண்டு டம்ளர் குடித்தார், இரண்டாவதில் அவருக்குப் புரையேறியது, சந்தோஷத்தில் அவசரமாகக் குடித்துவிட்டார் என்று எல்லோரும் சொன்னார்கள்.

தமயந்திக்கு வேலை கிடைத்தது. ஒரு நாளைக்கு நூற்றிருபது அறிக்கை, தொண்ணூற்றெட்டு சதவீதம் சரி. பஸ்ஸில் இடது பக்கம் மறுபடி ஆட்கள் உட்கார்ந்தார்கள். தெருவில் புதிதாகப் பிறந்த குழந்தைகளுக்கு எண் போட ஆள் இல்லை, அதுவும் பழகிப்போயிற்று. நாலாவது மாதம் ஒரு காலையில் தனக்கோடி முதல் வீட்டு வாசலிலேயே வேனை நிறுத்திவிட்டு இறங்கி வந்தார். பிரேக்கை மிதிக்க வலது காலுக்கு மேல் இடது காலையும் வைக்க வேண்டியிருந்தது. "பிள்ளைங்களை வேற வண்டியில அனுப்புங்கம்மா," என்று அந்தத் தாயாரிடம் சொன்னார். தெருவுக்குப் புரிகிற மாதிரி அவர் சொன்ன கடைசி வாக்கியம் அதுதான்.

ஆஸ்பத்திரியில் எடுக்க வேண்டிய எல்லாம் எடுத்தார்கள். இந்தத் தடவை தாளில் அந்தச் சொல் இல்லை, நோயின் பெயர் மட்டும் நேராக எழுதியிருந்தது. தமயந்தி அந்தத் தாளைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"முன்னாடியே வந்திருந்தா, டாக்டர்?"

நரம்பு டாக்டர் வயதானவர், நிதானமாகப் பேசினார். "மருந்துன்னு பெருசா ஒண்ணும் இல்லம்மா. பேச்சு நல்லா இருக்கறப்பவே பேச வேண்டியதைப் பேசிக்கங்கன்னு சொல்லியிருப்போம். அதுதான் நாங்க பண்ணக்கூடியது."

ஐப்பசி பிறந்தபோது அவர் பேச்சு யாருக்கும் புரியாமல் போயிற்று, தமயந்திக்கு மட்டும் புரிந்தது. வாய்க்குள்ளேயே உருளும் அந்தச் சத்தத்தை அவள் சொல் சொல்லாகப் பிரித்து எடுத்து, தண்ணி கேக்குறாரு, ஜன்னலைச் சாத்தச் சொல்றாரு, ஒங்க மக எந்த வகுப்புக்கு வந்திருக்கான்னு கேக்குறாரு என்று வருகிறவர்களிடம் சொன்னாள். தெரு அதற்கும் பழகிக்கொண்டது, அவரிடம் பேச வந்தவர்கள் அவர் முகத்தைப் பார்க்காமல் அவள் முகத்தைப் பார்த்துப் பேசினார்கள்.

தையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலைக் கஞ்சியைக் கொடுத்து முடித்து அவருக்கு வாயைத் துடைத்துவிட்டாள். அவர் அவளைப் பார்த்து ஏதோ சொன்னார். ஆறேழு சொற்கள் இருக்கும், அவருக்கு இப்போது அது நீளமான பேச்சு.

"என்னங்க?" என்றாள்.

மூச்சை இழுத்து மறுபடி சொன்னார். அவள் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டுக் கிட்டே வந்து, வலது காதைக் கொடுத்தாள், பிறகு இடது காதைக் கொடுத்தாள். தண்ணீர் இல்லை, ஜன்னல் இல்லை, வலி இல்லை. அவள் பெயர் அதில் ஓர் இடத்தில் இருந்தது, அது மட்டும் தெரிந்தது. இன்னொரு தடவை என்று கையால் காட்டினாள். மூன்றாவது தடவை சொல்லும்போது அவருக்குக் கழுத்து நரம்பு புடைத்தது, நெற்றி வியர்த்தது, கண்ணிலிருந்து நீர் இறங்கியது.

நாலாவது தடவை கேட்க அவளுக்கு மனசு வரவில்லை. "சரிங்க," என்று சொல்லித் தலையை ஆட்டினாள். "சரிங்க, புரிஞ்சுது."

அவர் அவளையே சற்று நேரம் பார்த்தார். அவளுக்குப் புரியவில்லை என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. அவர் லேசாகத் தலையை ஆட்டிவிட்டு, அதை மறுபடி சொல்லாமல் வாயை மூடிக்கொண்டார்.